இன்னாச்சு அக்காவும் என் கணவரின் பென்சிலின் அலர்ஜியும்

"எனக்கு அலர்ஜி" என்று இன்னாச்சு அக்காவிடம் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஒருவர்கூடக் கிடையாது. போலீஸ் விசாரணையிலாவது நடுவில் டீ வாங்கித் தருவார்கள். அக்காவிடம் அதுவும் இல்லை.

எங்கள் அலுவலகம் தாம்பரத்தில், மெடிக்கல் கோடிங் செய்யும் இடம். எங்கோ இருக்கும் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவது எங்கள் பிழைப்பு. பென்சிலின் அலர்ஜி உள்ளவர் என்றால் இசட் எண்பத்தெட்டு புள்ளி பூஜ்யம். நாங்கள் போட்டதைச் சரிபார்ப்பது அக்காவின் வேலை. கோவளம் பக்கம் மீனவர் குடும்பம். அதிகாலையில் அம்மாவுக்கு மீன் கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்துவிடுவார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது; எதற்கெடுத்தாலும் 'இன்னாச்சு?' என்று கேட்பதால் எங்களுக்கு அவர் இன்னாச்சு அக்கா.

குறிப்பில் வெறுமனே 'முட்டை அலர்ஜி' என்றிருந்தால் போதும், எழுதிய டாக்டருக்கே கேள்வி அனுப்பிவிடுவார். எங்கள் டீம் லீடர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"அக்கா, டாக்டரே எழுதிட்டார். நாம நம்பரைப் போட்டுட்டுப் போலாமே."

"முட்டை துன்னாரு, சரி. அப்பால இன்னாச்சு? மூஞ்சி வீங்கிச்சா, மூச்சு வாங்கிச்சா, இல்ல வெறும் ஏப்பமா? ஒண்ணுமே எழுதாம கீது. நான் இன்னா ஜோசியமா பாத்துகினு கீறேன்?"

ஒருநாள் மதியம் அக்கா கொண்டுவந்த இறால் தொக்கை மேனேஜர் வேண்டாம் என்றார். தனக்கு இறால் அலர்ஜியாம். தொக்கு மூடப்பட்டது, விசாரணை திறந்தது. எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் வந்தது, யார் பார்த்தது என்று குடைந்ததில், கொலஸ்டிரால் ஏறிவிடும் என்று அவர் மனைவி தடை போட்டிருப்பது வெளியே வந்தது.

"அது அலர்ஜி இல்ல சார், அண்ணி ஆர்டர். அதுக்கு நம்பர் கெடையாது" என்றார் அக்கா. மேனேஜர் அன்று இரண்டு முறை தொக்கு போட்டுக்கொண்டார்.

நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். போன மழைக்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்த என் கணவருக்குக் காலில் ஒரு கீறல். இரண்டே நாளில் முழங்கால் வரை சிவந்து வீங்கி, காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாள் மருந்து ஏறியும் சிவப்பு தொடைப் பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது.

"பென்சிலின் வகை மருந்து குடுத்தா நல்லா கேக்கும்மா. ஆனா இவருக்கு அலர்ஜின்னு இருக்கே. இப்படியே ஏறினா காலைக் கிழிச்சு சுத்தம் பண்ண வேண்டி வரும்" என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் என்ன ஆகும் என்று கேட்க வாய் வரவில்லை.

அன்று மாலை அக்கா மீன் குழம்போடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஃபைலில் சிவப்பு ஸ்டிக்கர்: பென்சிலின் அலர்ஜி. அவ்வளவுதான், தூக்குப் பாத்திரம் கீழே இறங்கியது.

"இன்னாச்சு தம்பி, பென்சிலின் போட்டப்ப?"

"சின்ன வயசுக்கா. ஒம்பது வயசு. படப்பையில ஒரு கிளினிக்."

"ஊசி போட்டாங்க. அப்பால இன்னாச்சு?"

என் கணவர் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போடலக்கா."

"போடலையா? அப்போ இன்னாதான் ஆச்சு?"

"ஓடிட்டேன்."

வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா, தனக்குப் பென்சிலின் அலர்ஜி என்று சொல்லி, ஊசியில்லாமல் மாத்திரையோடு தப்பித்துப் போனாராம். நம் ஆள் அதை அப்படியே கம்பவுண்டரிடம் ஒப்பித்துவிட்டு வாசல் பக்கம் பாய்ந்திருக்கிறார். கம்பவுண்டர் சீட்டில் எழுதினார். அடுத்த டாக்டர் அதைப் பார்த்து எழுதினார். நாளாக ஆக இவரே நம்பிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ படிவங்களில் நானே என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு வருடமாக அடுத்தவர் அலர்ஜிக்கு எண் போடுகிறவள், கட்டிய கணவரிடம் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா போய் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தார். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் விசாரித்தார். பரிசோதனை செய்து, பக்கத்திலேயே நின்று கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் முழு அளவு ஏறியது. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது, சிவப்பு இறங்கியது. கத்திக்கு வேலை இல்லாமல் போனது. நான் வராந்தாவில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை அமிர்தமாகக் குடித்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அக்கா மறுபடி வந்தார். ஸ்டிக்கரைக் கிழித்தால் மட்டும் போதாதாம். பென்சிலின் அலர்ஜி இல்லை, சிறு வயதில் ஊசியே போடப்படவில்லை, இப்போது கொடுத்துப் பார்த்ததில் ஒத்துக்கொண்டது என்று ஃபைலில் எழுதும்வரை அவர் நகரவில்லை.

"ஓடிட்டார்னும் எழுதணுமா?" என்று சிரித்தார் நர்ஸ்.

"ஊசி பயம்னு எழுதும்மா. அதுக்கு நம்பர் கீது."

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். வார்த்தைக்கு முன்னால் கண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா ஒத்துக்க மாட்டேன்" என்று எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கால் போய்விடுமோ, ஆளே போய்விடுவாரோ என்று அத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முதல் தடவையாகச் சொன்னேன். அன்று அக்காவின் மேஜையில் ஒரு ஃபைலும் நகரவில்லை. என் கதையில் ஒரு வரி விடாமல், அப்பால இன்னாச்சு, அப்பால இன்னாச்சு என்று என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.