பஞ்சர் நைனா போட்ட விமானக் கணக்கு

பஞ்சர் நைனா தன் மகளைப் பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் அது இரண்டாவது துரோகம்.

எழுபதுகளின் தொடக்கம். ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் நான் குமாஸ்தா, பூகோளத்தில் பி.ஏ. எதிரே நைனாவின் பஞ்சர் கடை. விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தேயிராத அந்த மனிதர், உலகத்தின் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் ஆகாய வழியில் எத்தனை மைல், எத்தனை மணி என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட ஒரு பூகோள உருண்டை, ஒரு நூல், அவ்வளவுதான் சாமான். உருண்டையின் அடியில் ஓட்டை விழுந்து, தென்துருவம் முழுக்க டியூப் ரப்பர் ஒட்டியிருந்தது.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் கேட்டார். “நைனா, டெல்லிலேர்ந்து நியூயார்க் இன்னா தூரம்?”

“ஏழாயிரத்து முந்நூறு மைலு. வடதுருவத்தாண்ட வளைச்சிக்கினு பூடுவான்.”

நான் தேசப்படத்தில் ஸ்கேல் வைத்து, பத்தாயிரத்துக்குக் குறையாது என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் புத்தகத்தைப் பார்த்தால் நைனாதான் சரி.

“படிப்பு பஞ்சராய்ச்சு சார்! நைனா கைல குடு, ஒட்டித் தருவாரு” என்றார் டிரைவர். செக்போஸ்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

சில மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து நைனாவின் மகள் கடிதம் போட்டாள். கல்யாணமாகிப் போய் ஐந்து வருடம். கணவனோடு பம்பாய் போகிறாளாம். சிங்கப்பூரில் காலை ஒன்பதுக்குப் புறப்படும் விமானம் மீனம்பாக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்குமாம். அப்பா வந்தால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

நைனா நூலைப் பிடித்தார். “ஆயிரத்து எண்ணூறு மைலு, நாலு அவரு. மத்தியானம் ஒரு மணிக்கு எறங்குவா. கரெக்டா சார்?”

அங்கே ஒன்பது அடிக்கும்போது இங்கே ஏழுதான். விமானம் பதினொன்றுக்கே இறங்கிவிடும். நூலுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

“கரெக்ட் நைனா” என்றேன்.

முன்ஜாக்கிரதையாகப் பன்னிரண்டேகாலுக்கே போய் நின்றாராம். திரும்பி வந்து, மகளுக்காகக் கொண்டுபோன மாங்காய்த் தொக்குப் பாட்டிலை என் மேசையில் வைத்தார்.

“இன்னா ஸ்பீடு சார் அந்தப் பிளேனு! ரெண்டு அவரு முன்னாடியே வந்துட்டுப் பூட்ச்சு. நீங்க துன்னுங்க சார், வீணாப் பூடும்.”

அந்தப் பாட்டிலை நான் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். மகளுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. நைனா கோபப்படவில்லை.

“படிச்சவராச்சேன்னுதான சார் உங்கள கேட்டேன்” என்றார்.

அதன்பிறகு யார் தூரம் கேட்டாலும், “அந்தாண்ட சாரக் கேளு” என்று டயருக்குள் குனிந்துகொள்வார். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். மெட்ராஸிலிருந்து லண்டன் இருநூறு மைல் என்றுகூட அவர் காதுபடக் கத்தினேன். எனக்கு மாற்றல் வரும்வரை அவர் நிமிரவே இல்லை.

“அய்யே, அஞ்சாயிரம் சார்!” என்று ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம் நைனா.