சோதனைக்குப் போட்ட வரன்

பென்னாகரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் பாசமும் நிறைந்த கோகிலவாணி அண்ணிக்கு, நாத்தனார் எழிலரசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மிக்சியும் நலம். மிக்சி மட்டும் நடுவில் ஒருமுறை மோட்டார் மாற்றிக்கொண்டது. ஓசூரில் அண்ணன், குழந்தைகள், உங்கள் முழங்கால் எல்லோரும் நலமா? போனிலேயே பேசலாம்தான். ஆனால் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொள்கிறார், அவர் கத்தி முடிப்பதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால் கடிதம். அவருக்கும் படித்துக் காட்டவும்.

தம்பிக்குப் பெண் தேடி எங்கள் மையத்தில் பதிந்திருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்காரரின் போனுக்கு, என்னை மணப்பெண்ணாகப் போட்ட செய்தி போனது உண்மைதான். "நாப்பத்தி மூணு வயசுல யாரக் கேட்டு இந்த வேல" என்று அண்ணன் கேட்டார். நான் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் இது என் வேலையே இல்லை, கம்ப்யூட்டரின் வேலை.

நான் வேலை பார்க்கும் திருமணத் தகவல் மையம் உங்களுக்குத் தெரியும். முதலாளி அர்ச்சுனன் ஐயா அந்தக் காலத்தில் வாங்கிப் போட்ட கறுப்புத் திரை மென்பொருளைத்தான் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். அதில் ஒரு வசதி, ஒரே கட்டத்தில் எத்தனை விவரம் வேண்டுமானாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கலாம். ஒருவருக்கு நாலு அக்கா இருந்தால் நாலு பேரும் ஒரே கட்டத்தில் இருப்பார்கள். போன மாதம் தர்மபுரியில் ஒரு மையத்தை மூடியவர்கள், தங்கள் வரன்களை எக்செல் கோப்பாக ஐயாவிடம் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கள் பெட்டிக்குள் இறக்க வேண்டும் என்றால் முதலில் ஓர் அகராதி எழுத வேண்டும். சொல்லுக்குப் பொருள் சொல்லும் அகராதி இல்லை அண்ணி. வெளியிலிருந்து வரும் எந்த விவரம் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும், அங்கே ஒன்றுதான் இருக்குமா பலது இருக்குமா, எதோடு எது ஜோடி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கும் குறிப்பு. அதை நான்தான் எழுதினேன்.

முதல் தடவை, கமா வந்தால் வெட்டி அடுத்த ஆளாக வை என்று பெயர்க் கட்டத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். 'இளம்பரிதி, எம்.ஏ., பி.எட்.' என்ற ஒரே வாத்தியார் மூன்று மாப்பிள்ளைகளாக உள்ளே வந்தார். அதில் பி.எட்.டுக்குத்தான் ஏழு பெண்கள் பொருந்தினார்கள். அதைச் சரி செய்தால் அடுத்த வினை. கூடப் பிறந்தவர்களின் பெயர் ஒரு கட்டம், அவர்களுக்குக் கல்யாணம் ஆனதா என்பது இன்னொரு கட்டம், இரண்டையும் ஜோடி சேர்க்க மறந்துபோனேன். ஓர் இடம் காலியாக இருந்ததால் கீழே இருந்ததெல்லாம் ஒரு படி மேலே ஏறி, ஒரு மாப்பிள்ளையின் அக்கா, தொப்பூரில் பரோட்டா கடை வைத்திருப்பவரின் சம்சாரம் சசிகலா, கன்னிப்பெண் ஆகிவிட்டார். அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஏங்க, எம் பொண்டாட்டிய பொண்ணு பாக்க ரெண்டு கார் வந்து நிக்குது. வந்தவங்க சாப்புட்டுட்டுப் போறேங்கறாங்க, பில்லு யார் பேருல போடட்டும்" என்றார். ஐயா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன்.

இப்படி ஆகக் கூடாது என்றால் முதலில் ஒரே ஓர் ஆளை இறக்கிப் பார்க்க வேண்டும். அந்த ஆளின் எல்லா விவரமும் நமக்குத் தெரிந்திருந்தால்தான் எது இடம் மாறியது என்று கண்டுபிடிக்கலாம். யாரைப் போடலாம் என்று யோசித்தேன். எல்லா விவரமும் எனக்குத் தெரிந்த ஆள் நான் மட்டும்தான் இருந்தேன். எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில் பலது வைத்துப் பார்க்க வேண்டுமே என்று வாய்க்கு வந்த மூன்றை அடித்தேன். சாப்பாடு தானே போட்டுக்கொள்பவர். டிவி சத்தம் குறைத்து வைப்பவர். ஆஸ்பத்திரிக்குக் கூட வருபவர். மூன்றாவதுக்குக் காரணம் உண்டு. போன ஆடியில் வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது கூட வந்தவங்க யாரு என்று நர்ஸ் கேட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஓர் அம்மாவைக் காட்டிவிட்டேன். அந்த அம்மாவும் நல்ல மனசு, தலையாட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து ரொம்ப அழுதேன். உங்களுக்குச் சொல்லவில்லை.

எல்லாம் அதன் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஐயா மொத்தப் பட்டியலையும் பொருத்தம் பார்த்து, செய்தி அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டார். இதுதான் நடந்தது. அதிலிருந்து போன் மேல் போன். பொம்மிடியில் ரயில்வே கேன்டீன் வைத்திருக்கும் தர்மன் என்பவர், மனைவி தவறி ஆறு வருடமாம், நான்தான் அந்தப் பெண் என்று தெரியாமல் மையத்துக்கே கூப்பிட்டார். "சாப்பாடு நானே ஆக்கிப் போட்டுக்குவேங்க. ஆஸ்பத்திரிக்கும் வருவேங்க. டிவி விசயந்தான், எனக்குக் காது கொஞ்சம் மந்தம், எங்க வூட்டு டிவி ஸ்டேசன் வரைக்கும் கேக்கும். அவங்களுக்குப் பரவால்லயானு கேட்டுச் சொல்றீங்களா" என்றார். கேட்டுச் சொல்றேங்க என்று வைத்துவிட்டேன். மறுநாளும் கூப்பிட்டார். அவங்க யோசிக்கறாங்களாம் என்றேன்.

அந்தப் பதிவை உடனே அழித்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் உறுதியாகச் சொல்லவும். குடும்ப மானத்துக்கு ஒரு குறையும் வராது. சின்னவன் பரீட்சை நன்றாக எழுதட்டும், பெரியவளுக்குச் சளி விடட்டும். எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க நல்லம்பள்ளி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள நாத்தனார்,
எழிலரசி.

பின்குறிப்பு: இதை அண்ணனுக்குப் படிக்க வேண்டாம் அண்ணி. சோதனை முடிந்ததும், போட்ட ஆளை அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். கேட்டது. நான்தான் வேண்டாம் என்று அழுத்தினேன். அழுத்திவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். தர்மனிடம் நேற்று, அவங்களுக்கு டிவி சத்தம் பரவாயில்லையாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் அக்காவும் வருகிறார்கள். பெண் வீட்டார் என்று இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன். கேசரியை நானே கிளறி, நானே தட்டை எடுத்து வந்து, நானே "இதுதான் எங்க பொண்ணுங்க" என்று சொல்ல முடியாது. நீங்கள் வர முடியுமா?