முதலில் கறி, பிறகு சோறு

டாக்டர் சொல்வதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து வருகிற ஓர் இனம் உண்டு. காது மந்தமெல்லாம் இல்லை. தமக்குப் பிடித்த வாக்கியம் வந்து விழுந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தீவில், டெலானிபூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நூர்முகம்மதுவைப் பாருங்கள். சர்க்கரை ஏறிவிட்டதென்று போய் உட்கார்ந்தவரிடம் டாக்டர் சொன்னது இதுதான்: "சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால ஒரு முட்டையோ ஒரு துண்டு மீனோ சாப்பிடுங்க. பசி கொஞ்சம் அடங்கும், சர்க்கரையும் சட்டுனு ஏறாது. அதனால சோத்தப் பாதியாக் கொறச்சி..." 'அதனால' வந்தபோது நூர்முகம்மது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் வீட்டில் புரத ஆட்சி. சாப்பாட்டுக்கு முன் அவித்த முட்டை இரண்டு, பொரித்த சூரை மீன் மூன்று துண்டு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். பிறகு பசி அடங்குவதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம். அடங்கியதா? அதை யார் விசாரித்தார்கள்? பதினாறாவது நிமிடம் வழக்கமான சோறு, வழக்கமான உயரத்தில்.

"என்னங்க, இது முன்னால திங்கிறதா, கூடுதலாத் திங்கிறதா?" என்றாள் மனைவி ஜன்னத் பீவி.

"உனக்கு சயின்ஸ் தெரியாது. புரோட்டீன் உள்ள போயி கேட்டைப் பூட்டிடும்."

"அப்ப இந்தச் சோறு சுவரேறிக் குதிச்சா போவுது?"

கடைக்கு வரும் வங்காளி அம்மாவையும் விடமாட்டார். "அரே தீதி, பெஹலே மச்லி, சாவல் பாத் மே!" மீன் முதலில், சோறு பிறகு. அந்த அம்மா மிரண்டுபோய் அரிசியைப் பாதியாகக் குறைத்து வாங்கிப் போனார். டாக்டரின் இரண்டாம் பாதி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் மகள் ஷமாவுக்கு வண்டூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுஹைலை ஷமாவுக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் வாய் திறந்தே சொல்லிவிட்டாள். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் அவன் தந்தை ஷாநவாஸ். படகுக்காரர், முசுடு. விருந்து முடிந்ததும் சொல்கிறேன் என்று இரண்டு தம்பிகளோடு வந்து இறங்கினார்.

"அத்தா, இன்னிக்கு ஒரு நாள் அந்த டாக்டர மறந்துட்டு உக்காருங்க" என்று கெஞ்சினாள் ஷமா.

விருந்து சஹனில். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர், அவரவர் பக்கம் நெய்ச்சோறு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாகக் கறி. அடுத்தவர் எடுக்கட்டும் என்று கறியைத் தள்ளித் தள்ளி விடுவதுதான் அதன் மரியாதை. நூர்முகம்மதுவுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பிஸ்மி சொன்ன கை நேரே நடுவுக்குப் போனது. ஒரு துண்டு. இரண்டு. சம்பந்தி ஆகப்போகிறவர் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் கறி இருந்த இடத்தில் ஒரு குழியும் ஓர் ஏலக்காயும் மட்டுமே மிஞ்சின. அதன் பிறகு கையை அந்தரத்தில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன பாய், கப்பலுக்கு நேரமாச்சா?" என்றார் ஷாநவாஸ்.

"இல்ல, பதினஞ்சு நிமிஷம் கேப் விடணும். சுகருக்கு."

"எனக்கும் சுகர்தான்." ஷாநவாஸ் வெறும் சோற்றைப் பார்த்தார். "எங்க டாக்டரும் இதேதான் சொன்னாரு. நான் மரியாதைக்காகப் பொறுத்தேன்."

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஷமா தாயின் கையைக் கிள்ளினாள். ஜன்னத் பீவி சட்டியோடு மிச்சக் கறியை அனுப்பினாள். ஷாநவாஸ் சாப்பிட்டார், கை கழுவினார், வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணப் புடிச்சிருக்கு. நிக்காஹ் வண்டூர்ல வச்சுக்குவோம். ஆனா அன்னிக்கு பாய்க்குத் தனித் தட்டு. என் சஹன் பக்கம் வரப்படாது. பக்கா."

'புடிச்சிருக்கு' என்றதுமே நூர்முகம்மது எழுந்து அவரைக் கட்டிக்கொண்டுவிட்டார். மீதியைக் கேட்டவர்கள் பெண்கள் மட்டும்தான்.

நன்றாகச் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். டாக்டர் பேசிய இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போனீர்களே, எங்கே? அடுப்பில் என்னவோ கொதிக்கிறதே. எத்தனை முட்டை போட்டிருக்கிறீர்கள்?