ரிவர்ஸ் இல்லாத வண்டி

சிலென்சரைவிட அதிகம் பேசுகிற மனிதர் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கிடையாது. மோட்டார் சைக்கிள் திருத்துகிற, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். வாய்க்கு ஒரு சிலென்சர் பூட்டச் சொல்லி யாரோ திட்டியதில் விழுந்த பட்டம் அது. ஞானஸ்நானப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவருடைய கராஜுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எனக்குப் பத்திரிகை வாங்க வேண்டிய தேவை இருந்ததேயில்லை.

அவரை வளர்த்தவர் தாயின் தமக்கையான அன்ரி. வயது எண்பத்தாறு. ஞாயிறு தவறாமல் புருசனான அங்கிளின் கல்லறைக்குப் போய்வந்தவருக்கு முழங்கால் வழிவிடவில்லை. குனிந்து ஓட்டோவில் ஏற ஏலாது. சக்கர நாற்காலி கல்லறைகள் இருக்கும் சேமக்காலை மணலில் புதைந்தது.

"நான் தூக்கிக்கொண்டு போறன் அன்ரி" என்றார் சிலென்சர்.

"அங்க என்னத் தூக்கிக்கொண்டு போறது ஒருக்காத்தான் மனே. அதுவரைக்கும் இருந்துதான் போவன்."

போகாத ஞாயிறுகளில் அன்ரி சாப்பிடுவதில்லை. மற்ற நாட்களிலும் கோப்பையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. சிலென்சர் பயந்துபோனார்.

பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட கோல்ஃப் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார். செத்துக் கிடந்த பற்றரிகளைக் கழற்றி எறிந்தார். அங்கிள் காலமான நாளிலிருந்து படங்கு மூடிக் கிடந்த மோட்டார் சைக்கிளின் என்ஜினைப் பின்னால் வைத்து வெல்டிங் செய்து, பின்சில்லுக்குச் சங்கிலி கொடுத்தார்.

"செத்தவர்ட என்ஜினல்லோ?" என்றேன்.

"என்ஜினுக்கு ஏது சாவு மச்சான்? பிளக்க மாத்தினாச் சரி."

முதல் உதையிலேயே மூன்று தரம் இருமிவிட்டு என்ஜின் ஓடத் தொடங்கியது. காதருகே கத்தினால்தான் கேட்கிற அன்ரி உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"கதவத் திற மனே, அவர் வந்திட்டார்!"

நான் வாசலை எட்டிப் பார்த்தேன். சிலென்சரோ, "டியூனிங் அப்பிடி" என்று பல்லைக் காட்டினார்.

ஞாயிறு பின்னேரம் புறப்பட்டோம். முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் சாமான் தட்டில் நானும். சேமக்காலைக்குள் ஒற்றை மணல்பாதை. அதன் முடிவில் அங்கிளின் கல்லறை, அதற்கப்பால் வாவி. அன்ரி வண்டியில் இருந்தபடியே கல்லோடு கொஞ்ச நேரம் கதைத்தார். திரும்பலாம் என்றபோதுதான் சிலென்சரின் முகம் கறுத்தது. மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. நாலு மாதம் மினக்கெட்டவருக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"சேமக்காலைக்குப் போற வண்டிக்குத் திரும்பி வாற கியர் வைக்கல்லையா?"

"வாகனமெண்டா முன்னுக்குத்தானே மச்சான் போகவேணும்!"

என்ஜினை நிறுத்திவிட்டு இருவரும் தள்ளினோம். மணல் விடவில்லை. அன்ரியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஆள் கூப்பிட நடந்தோம். இருபது எட்டு வைத்திருப்போம். காற்று விழுந்து கிடந்தது. வாவியில் ஓர் அலை இல்லை. பின்னால் மூன்று இருமல் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் வண்டி எங்களை நோக்கி நிற்கிறது. அன்ரி மடியில் கைவைத்தபடி, ஏறிய இடத்திலேயே இருக்கிறார். சிலென்சர் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துப் பார்த்தார். வண்டியைச் சுற்றி எங்கள் இருவரின் காலடிகள் மட்டுமே கிடந்தன.

"ஆர் அன்ரி திருப்பினது?"

"வேற ஆர்? அவர்ட என்ஜின் அவருக்குத்தானே தெரியும். நீ வளவளண்டு கதைக்காம ஏறு."

வீடு வரும்வரை சிலென்சர் ஒரு சொல் பேசவில்லை. வண்டி திரும்பியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று அன்ரி இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

அடுத்த கிழமை கராஜுக்குப் போனேன். பழைய ஓட்டோ ஒன்றிலிருந்து கழற்றிய ரிவர்ஸ் கியர்ப் பெட்டி மேசையில் இருந்தது.

"இதப் பூட்டினாப் பிரச்சினை முடிஞ்சுதே" என்றேன்.

சிலென்சர் எண்ணெய்த் துணியால் அதை நெடுநேரம் துடைத்தார்.

"பூட்டினா அங்கிள் வரமாட்டார் மச்சான். மனிசி கிழமை முழுக்கச் சோறு தின்னுறது அவர் வருவாரெண்டுதான்."

ஆகவே ஞாயிறு பின்னேரங்களில் அன்ரியைக் கல்லறையடியில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் இருபது எட்டுத் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். சிலென்சர் என் கையைப் பிடித்துக்கொள்வார். பின்னால் மூன்று இருமல் கேட்கும்வரை விடமாட்டார்.