மைனஸ் பத்தொன்பது

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயிலில் இதுவரை ஏறியவர்களிலேயே சக பயணிகளை அதிகம் வதைத்தவன் எங்கள் மைனஸ் பத்தொன்பதுதான். இதை எந்தச் சன்னதியிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள், செல்போனில் பாட்டைக் கதறவிடுகிறவர்கள் எல்லாம் அவனுக்குக் கால் தூசு.

அவன் படித்தது துகள் இயற்பியல். கிடைத்தது சென்னையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலக நாற்காலி. படித்ததைச் செலவழிக்க வேறு இடமில்லாமல் எங்கள் தலையில் கட்டினான். எது அசைந்தாலும் அதன் ஆற்றலை ஜூலில் கணக்குப் போடுவான். பிறகு அதை எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றிச் சொல்லுவான். சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஜூல் நம்மைப் போன்ற ஆட்களுக்கான அளவு. ஒரு சின்னக் கொய்யாப்பழத்தை இடுப்பு உயரம் தூக்கினால் சுமாராக ஒரு ஜூல். எலக்ட்ரான் வோல்ட் கண்ணுக்குத் தெரியாத துகள்களுக்கானது. ஜூலிலிருந்து அதற்கு மாற்ற, ஒன்று புள்ளி ஆறு பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் பத்தொன்பதால் வகுக்க வேண்டுமாம். இந்த மந்திரத்தை அவன் முருகன் பெயரைவிட அதிகமாக உச்சரித்ததால் எங்கள் பெட்டியில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

ஒருநாள் எதிர் சீட்டுக்காரர் தொடையில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்தார். இவன் விடவில்லை. வெளிநாட்டில் பூமிக்கடியில் மைல் கணக்கில் வளையம் கட்டி, ஒரு புரோட்டானை ஓட ஓட விரட்டி, கடைசியில் அதற்கு ஏற்றுகிற ஆற்றல் நாலைந்து கொசு பறக்கிற ஆற்றல்தான் என்று விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தக் காசுக்கு ஊர் பூரா கொசு மருந்து அடிச்சிருக்கலாமே தம்பி” என்றார்.

இன்னொரு நாள் ஆர்.கே.பேட்டை நெசவுக்காரர் ஒருவர் தலையில் துணி மூட்டையோடு நின்று, மேலே வைக்க ஒரு கை பிடிக்கச் சொன்னார். மூட்டை எவ்வளவு கிலோ, பலகை எவ்வளவு உயரம் என்று இவன் விசாரித்தான். விடையில் வந்த சைபர் சுழிகளை எண்ணி முடிப்பதற்குள் அரக்கோணம் வந்துவிட்டது. மூட்டை அப்போதும் அவர் தலையில்தான் இருந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த வாயால் அவனுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இரண்டாவது பெண் கொண்டு வந்த காபி ஆறும் வரை அதன் வெப்பத்தை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்லிக்கொண்டிருந்தானாம். மூன்றாவதாக கே.ஜி.கண்டிகையில் நிலம் நீச்சுள்ள குடும்பம் ஒன்று அமைந்தது. பெண் ஏதோ எம்.எஸ்சி. என்றார் தரகர். என்ன எம்.எஸ்சி. என்று யாரும் கேட்கவில்லை. இங்கே வழக்கப்படி மலைக்கோயிலில் சாமி கும்பிடுகிற சாக்கில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் அவன் அம்மா, ஒரே தெருக்காரனான என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நைனா, நீயும் கூட வா. இதுவும் போச்சுன்னா நான் இனிமே எங்கயும் பொண்ணு கேட்டு நிக்க மாட்டேன். அவன் வாயத் தொறந்தா கால மிதிச்சிடு.”

மிதிப்பதற்கென்றே கனமான செருப்பாகப் போட்டுக்கொண்டு போனேன். அதை அடிவாரத்திலேயே கழற்றி வைக்க வேண்டும் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நாங்கள் படியேறினோம். மண்டபத்தில் பெண்ணின் அப்பா, வேர்த்து வழிந்த இவனைப் பார்த்து இரக்கப்பட்டு, படியேறியா வந்தீர்கள், ரொம்பக் களைப்பா என்று கேட்டார்.

போதாதா? நான் வெறுங்காலால் மிதித்தேன். பயனில்லை. எடை எழுபது கிலோ, உயரம் அறுபது மீட்டர், ஆக நாற்பத்திரண்டாயிரம் ஜூல் என்று கடகடவென்று போனவன், தூண் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தான். அங்கே கொஞ்சம் தடுமாறினான்.

“எலக்ட்ரான் வோல்ட்ல சொன்னா, புள்ளி வெச்சி பதினாலு சைபர், அப்பறம் ரெண்டு, ஆறு. அவ்ளோதாங்க, ஒண்ணுமே இல்ல.”

பெரியவர் முகம் சுருங்கியது. “எம்பொண்ணப் பாக்க வர்றதுக்கு ஒண்ணுமே மெனக்கெடலன்றீங்க.”

அவன் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தூண் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

“மைனஸ விட்டுட்டீங்க.”

“எதுங்க?”

“பத்தொம்போதுக்கு முன்னாடி இருக்கற மைனஸ். சைபருங்க புள்ளிக்கு இந்தப் பக்கம் வரணும். ரெண்டு, ஆறு, அப்பறம் இருவத்திரெண்டு சைபர்.”

எங்கள் பெட்டியே எந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்டதோ அதையே கோட்டைவிட்டிருந்தான். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “ஆங், கரெக்டுங்க” என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் சொன்ன ஒரு கணக்கைச் சரியா தப்பா என்று பார்த்த முதல் ஆள் அவள்தான். நாங்கள் எல்லோரும் தலையாட்டியதோடு சரி.

பெரியவர் சுழிகளைத் தானும் எண்ணிப் பார்த்துவிட்டு, பாவம், ரொம்பத்தான் கஷ்டப்பட்டு ஏறி வந்திருக்கிறார் என்று முனகினார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

“இவளும் வூட்ல இப்டித்தாங்க பேசிகினு கீறா. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கறதில்ல. ரெண்டு பேரையும் ஒண்ணா வுட்டுட்டா ரெண்டு வூட்டுக்கும் நிம்மதி.”

அம்மா சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதார்.

கல்யாணம் முடிந்ததும் அவன் வேலையை உள்ளூர்க் கிளைக்கு மாற்றிக்கொண்டான். மாலையில் குளத்தங்கரைப் பக்கம் இருவரும் சுழிகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். ரயிலில் இனி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போகலாம் என்று எங்கள் பெட்டியே கொண்டாடியது. ஆறு மாதமாகிறது, அவன் கணக்கு காதில் விழாமல் இன்னும் ஒருத்தருக்கும் தூக்கம் வந்தபாடில்லை.