ரசம் மெயிலைக் காணோம்

"ஏனுங்க, ஏதாச்சும் தொலைச்சீங்களா?" என்று ஆசை ஆசையாகக் கேட்டுக்கொண்டு அலைந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் காலாவதி அண்ணன்.

கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே ஆர்டர் மெயில்களுக்குப் பதில் போடுவது என் வேலை. மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எல்லோருடைய மெயிலையும் ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் தினமும் நகலெடுத்து டிஸ்க்கில் போட்டு வைக்கும். ஒவ்வொரு நகலுக்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டாததை அது தொடாது. இடம் தீர்ந்துபோனால், தேதி தாண்டியதில் ஆகப் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். பழையது போனது போனதுதான்.

வேறு யாராக இருந்தாலும் அதைச் சாஃப்ட்வேரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். எங்கள் அண்ணனோ சாவு சொல்ல வந்தவர் மாதிரி மேசை மேசையாக வருவார். "நாளைக்கு ஒரு நகல் காலாவதி ஆகுதுங்க. எதாச்சும் வேணும்னா இப்பவே சொல்லிப்போடுங்க." மெயிலே இல்லாத வாட்ச்மேனையும் விடமாட்டார்.

யாராவது வாய் தவறி "ஒரு மெயிலைக் காணோமுங்ணா" என்றால் மாட்டிக்கொண்டார்கள். சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட்டு, எடுத்த கதையைச் சொல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அதற்குப் பயந்தே ஆபீசில் யாரும் எதையும் தொலைப்பதில்லை.

மனைவி தவறிய பிறகு அவர் தனியாக இருந்தார். "ஊட்டுக்குப் போனா செவுத்தோடதானுங்க அம்மணி பேசோணும்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாஸ்டலில் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவள்தான்.

அதன் பிறகு நான் தொலைக்க ஆரம்பித்தேன். கேண்டீன்காரர் எப்போதோ அனுப்பிய மெயில்: 'இன்று ரசம் கிடையாது.' அதை அழிப்பேன். அவரைக் கூப்பிடுவேன். "ரொம்ப முக்கியமுங்ணா" என்பேன். அவரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மீட்டுத் தருவார். அப்புறம் நாற்காலி. அப்புறம் கதை.

இதற்கிடையில் அண்ணன் ஒரு காரியம் செய்திருந்தார். பழைய நகல்களை இழக்க மனசு வராமல் எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார். கடைசியில் டிஸ்க் நிரம்பி, எதன் மேலும் எழுத முடியாமல் பேக்கப் நின்றுவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"எதுக்குங்க இப்படிச் செஞ்சுபோட்டீங்க?"

"யாராச்சும் கேட்டு வந்தா, இல்லீங்கன்னு சொல்ல மனசு வரலீங்க சார்."

"அப்படி யாருங்க, எதைக் கேட்டு வந்தாங்க?"

"ரசம் மெயிலுங்க" என்றார் அண்ணன்.

மெயில் வேலையை வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது என் மேசைக்கு வந்து நின்றார்.

"இனி உங்க மெயில் தொலையாதுங்க அம்மணி. நீங்களே அழிச்சாலும் அவங்க எடுத்துக் குடுத்துருவாங்க."

"நாந்தான் அழிச்சேன்னு தெரியுமுங்களா?"

"மொத நாளே தெரியுமுங்க." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் போன் போட்டேன். "அண்ணா, ரசம் மெயிலைக் காணோமுங்க."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"பதறாதீங்க அம்மணி" என்றார். "எப்படித் தொலைஞ்சுதுன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க."