தீர்த்தச் செம்பும் என் மகளின் பால்பற்களும்

கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற இரண்டு வயதுப் பிள்ளை, பிரஷைக் கண்டால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்ளும். என் மகள் யாழினி செருப்பை ருசி பார்த்திருக்கிறாள், ரிமோட்டைக் கடித்திருக்கிறாள், ஒருமுறை எறும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. ஸ்ட்ராபெரி வாசனைப் பற்பசை என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போது நாங்கள் சிலாங்கூரில் உள்ள அசாம் ஜாவாவில் குடியிருந்தோம். என் மனைவி கவிதா விடிவதற்கு முன்பே ஃபேக்டரி பஸ் ஏறி ரவாங்குக்குப் போய்விடுவாள். அவள் திரும்பி வந்ததும் நான் பிற்பகல் ஷிப்டுக்கு ஓட வேண்டும். ஆகவே காலைப் பொறுப்பு முழுக்க என்னுடையது. (பொறுப்பையும் என்னையும் சேர்த்துப் பேசினாலே என் மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிடும்.)

கிளினிக்கில் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்த மிஸ்ஸி (நர்ஸை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்), என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பல்லு ஓரமெல்லாம் மஞ்சளா படிஞ்சிருக்கு பாருங்க. இப்படியே விட்டா சொத்தை புடிச்சிரும் லா. தெனமும் வெளக்கி விடுறீங்களா, இல்லையா?"

நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன். எங்கள் கார் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி ஈஜோக்கில் இருந்த மாமனாருக்குப் போய்விட்டது. கூட வந்திருந்த கவிதாதான் காரிலிருந்தே அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். அவர் போனில் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஆம்பளைக்குப் புள்ள வளக்கத் தெரியாது, மாப்ள. கோயில் திருவிழா வரைக்கும் பாக்குறேன். அப்பவும் பல்லு இதே கோலத்துல இருந்தா பாப்பா எங்ககிட்ட இருக்கட்டும். நீங்க லீவு நாளைக்கு வந்து பாத்துக்குங்க."

யாழினி இல்லாத காலை வேளையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்றே வேலையில் இறங்கினேன். பாட்டுப் பாடினேன். கரடி பொம்மைக்குப் பல் துலக்கினேன். ஈறு வலிக்கும் அளவுக்கு என் பல்லையே தேய்த்துக் காட்டினேன். அவள் கைகொட்டி ரசித்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிதா விளக்கேற்றி மணி அடித்தாள். யாழினி ஓடி வந்து சாமி மேடை முன் நின்று, வாயை 'ஆ'வென்று திறந்தாள். பூஜை முடிந்தால் கற்கண்டு கிடைக்கும் அல்லவா? (பல்லில் மஞ்சள் எப்படி வந்தது என்று அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.) எனக்கு விளங்கியது வேறு. மணி அடித்தால் வாய் திறக்கிறது!

சாமி மணியைக் குளியலறைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு நான் பாவி இல்லை. கோலா சிலாங்கூர் டவுனில் சின்ன மணி ஒன்று வாங்கி வந்தேன். மறுநாள் மணி அடித்தேன், வாய் திறந்தது, பிரஷ் உள்ளே போனது. 'ஈ' காட்டினாள், 'ஆ' காட்டினாள். பேசின் அவளுக்கு எட்டாததால் ஓர் எவர்சில்வர் செம்பை முகவாய்க்குக் கீழே பிடித்தேன். கொப்பளித்துக் குறி தவறாமல் துப்பினால், நான் கைதட்டி "கெட்டிக்காரி!" என்பேன். சில வாரங்களில் பற்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. கற்கண்டுக்கும் தடை போட்டோம். என்னைப் போல் ஒரு தகப்பன் சிலாங்கூரிலேயே கிடையாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

திருவிழாவில் அன்றைய பூஜை மாமனாருடைய உபயம். போதாக்குறைக்குக் கோயில் தலைவரும் அவர்தான். குடும்பத்தோடு முன்வரிசையில் நின்றோம். பூஜை முடிந்ததும் பல்லைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

பூசாரி மணியை அடித்தார்.

என் இடுப்பில் இருந்த யாழினி பல்லையெல்லாம் காட்டி 'ஈ' என்றாள். அடுத்து 'ஆ' என்றாள்.

"பாப்பாவுக்கு எவ்ளோ பக்தி பாரேன்!" என்று பின்னால் ஓர் அம்மா உருகினார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

தீபாராதனை முடிந்து தீர்த்தம் வந்தது. பூசாரி அவள் உள்ளங்கையில் ஊற்றினார். யாழினி உறிஞ்சிக் கன்னத்தை உப்பினாள். இந்தப் பக்கம் களகள, அந்தப் பக்கம் களகள. "முழுங்கும்மா, முழுங்கு" என்று கெஞ்சினேன். அவள் கண்கள் செம்பைத் தேடின. எவர்சில்வர் செம்பு இல்லை. ஆனால் பூசாரியின் கையில், அவள் முகவாய்க்கு நேராக, தீர்த்தச் செம்பு இருந்தது.

துப்பினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

அதோடு நின்றிருந்தால் பிள்ளை விளையாட்டு என்று விட்டிருப்பார்கள். கோயிலே மூச்சு விடாமல் நின்ற அந்த நேரத்தில், என் இரண்டு கையும் தாமாகவே எழுந்து படபடவென்று தட்டின. "கெட்டிக்காரி!" என்று என் குரலே கேட்டது.

கவிதா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பூசாரி செம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்த்தத்துக்காக வரிசையில் நின்றவர்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். நான் மணி வாங்கிய கதையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் கேவலமாகத்தான் இருந்தது.

மாமனார் வந்து பேத்தியின் முகவாயைத் தூக்கினார்.

"ஆ காட்டுடா கண்ணு."

காட்டினாள். மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. முதலில் கோபம் என்றே நினைத்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. பாப்பா அப்பன்கூடவே இருக்கட்டும்" என்றவர், பூசாரியின் பக்கம் திரும்பினார். "செம்பக் கழுவி வேற தீர்த்தம் எடுங்க ஐயா. இனிமே இந்த மாப்ளைய மட்டும் முன்னுக்கு நிக்க விடாதீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவமானத்தில் பாதி, பிள்ளை என்னோடு இருக்கப்போகிறாள் என்பதில் பாதி.

யாழினி இப்போது தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். அழகாகக் கை ஏந்தித் தீர்த்தம் வாங்கிக் குடித்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பூசாரியும் அவளுக்குச் சிரித்துக்கொண்டே ஊற்றுகிறார். கடைசி வரிசையில் நிற்கும் என்னிடம் வரும்போது மட்டும், ஒரு கையால் ஊற்றி, மறு கையால் செம்பின் வாயை மூடிக்கொள்கிறார்.